அட்மினிஸ்ட்ரேட்டர் எண்ணிக்கை: பூஜ்யம்

அதிகாரம் கையில் கிடைத்ததும் தலைகால் தெரியாமல் ஆடியவர்கள் நிறையப் பேர் உண்டு. கையில் இருந்த அதிகாரத்தைத் தானே பிடுங்கி எறிந்துவிட்டு, அதற்காகத் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்ட ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். அவள் பெயர் ஜெனிபர். வீட்டில் ஜெனி. அதாவது நான். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கம்ப்யூட்டரில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று மனதார நம்பிக்கொண்டிருந்தேன். (தெரியாதவற்றின் பட்டியல் அதற்குப் பிறகுதான் நீள ஆரம்பித்தது. இன்னும் முடியவில்லை.)

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி. கார் கதவுக்குள்ளே மாட்டுகிற பிளாஸ்டிக் கிளிப் செய்வார்கள். கார் வாங்கியவர்கள் யாரும் அந்தக் கிளிப்பைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அது நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் ஒரகடத்தில் கார் செய்கிற லைனே நின்றுவிடும். அங்கே எனக்கு 'சிஸ்டம் இன்சார்ஜ்' என்று வேலை கிடைத்தது. சிஸ்டம் என்று இருந்தவை நாலு கம்ப்யூட்டர்கள். இன்சார்ஜ் என்று இருந்தது நான் ஒருத்தி. மூன்று மாதம் பார்ப்பார்கள், பிடித்தால் நிரந்தரம், பிடிக்காவிட்டால் நன்றி வணக்கம்.

அந்த வேலை காலியாக இருக்கிறது என்று வீட்டில் வந்து சொன்னவர் என் அண்ணி அமலா. என் அண்ணனின் மனைவி. அதே கம்பெனி கேட்டில் நாலு வருஷமாக செக்யூரிட்டி. உள்ளே வருகிற பெண்களின் பையைத் திறந்து பார்ப்பதும், வருகிற போகிற வண்டி எண்ணை அங்கே இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் பதிவதும் அவர் வேலை. தண்டலத்தில் ஒரே வீட்டில்தான் இருந்தோம். எனக்கு நேர்காணலுக்குச் சேலை மடிப்பு எடுத்துவிட்டதும் அவர்தான்.

அப்படிப்பட்டவரிடம் வேலைக்குப் போகும் முதல் நாள் காலை நான் சொன்னதை இப்போது எழுதவே கூசுகிறது.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. கம்பெனில நாம சொந்தம்னு யார்கிட்டயும் சொல்ல வேணாம். கேட்டுல சொந்தபந்தம் எதுவும் வேணாமே."

(சிஸ்டம் இன்சார்ஜின் அண்ணி கேட்டில் பையைத் துழாவுகிறார் என்று தெரிந்தால் என் மரியாதை என்ன ஆவது? அந்த மரியாதை அதுவரை யார் கண்ணிலும் பட்டதில்லை என்பது வேறு விஷயம்.)

அண்ணி டிபன் பாக்ஸின் மூடியை அழுத்தி மூடிக்கொண்டே, "அதுக்கின்னா, சரிங்க மேடம்" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அது கேலி இல்லை, கொள்கை முடிவு என்று எட்டரை மணிக்குக் கேட்டில் தெரிந்தது.

"பேக்கைத் தொறங்க மேடம்" என்றார். திறந்தேன். உள்ளே என் பென் டிரைவ் இருந்தது. நான் காலேஜ் காலத்திலிருந்து சேர்த்த சாப்ட்வேர் எல்லாம் அதில்தான். நேர்காணலின்போது 'வீட்டில் போட்டுப் பழகிட்டு வாம்மா' என்று மேனேஜர் வெங்கடேசன் சார் கொடுத்த லேபிள் சாப்ட்வேரும் அதில்தான். அண்ணி அதை இரண்டு விரலால் செத்த பல்லியைத் தூக்குவதுபோல் தூக்கினார். பென் டிரைவ் உள்ளே போகக் கூடாது, அது ரூல். ஒரு தாளில் சுற்றி, எண் போட்டு, ரிஜிஸ்டரில் எழுதி, மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார். சாயங்காலம் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாமாம்.

லைனில் வேலை செய்கிற பெண்கள் எல்லாரும் வரிசையில் நிற்க, சிஸ்டம் இன்சார்ஜ் போய்ப் பறிமுதல் சாமானுக்குக் கையெழுத்துப் போடுவதா? போடவில்லை. ராத்திரி சாப்பாட்டின்போது, வரும்போது கையோடு கொண்டுவந்து விடுங்களேன் என்று நைசாகக் கேட்டேன். "கேட்டு சாமான் வூட்டுக்கு வராது மேடம்" என்று ரசத்தை ஊற்றினார். பென் டிரைவ் டிராயரிலேயே இருந்தது. மூன்று மாதம்.

அந்த மூன்று மாதமும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையைச் சிறப்பாகச் செய்தேன். அண்ணி கம்பெனி வேனில் வருவார். நான் ஷேர் ஆட்டோவில் தனியாக வருவேன். மத்தியானம் அவர் சாப்பிடுகிற மேஜைக்கு நாலு மேஜை தள்ளி உட்காருவேன். ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை என்று எனக்குள் ஒரே பெருமை.

மூன்றாவது மாதக் கடைசியில் ஆடிட் வந்தது. கிளிப் வாங்குகிற கார் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து நாங்கள் ஒழுங்காக இருக்கிறோமா என்று பார்த்துவிட்டுப் போவார். அது நல்லபடியாக முடிந்தால் அன்றைக்கே என் நிரந்தர ஆர்டரில் கையெழுத்துப் போடுவதாக வெங்கடேசன் சார் சொல்லியிருந்தார்.

எங்கள் கம்பெனியில் ஒரு விசேஷம் உண்டு. எதைக் கேட்டாலும் பதில் பூஜ்யமாக இருக்க வேண்டும். கேட்டுக்குள் நுழைந்ததுமே பெரிய போர்டு: விபத்து பூஜ்யம், குறை பூஜ்யம், புகார் பூஜ்யம், தாமதம் பூஜ்யம். பள்ளிக்கூடத்தில் பூஜ்யம் வாங்கினால் அடிப்பார்கள், இங்கே பூஜ்யம் வாங்கினால் ஸ்வீட் பாக்ஸ். வெங்கடேசன் சார் நல்ல மனிதர்தான். ஆனால் நிரப்பிய ஒரு பாரத்தில் பூஜ்யம் தவிர வேறு எண்ணைப் பார்த்தால் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

ஆடிட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் என் பகுதிக்கான பாரம் வந்தது. அதில் ஒரு கேள்வி: அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை உள்ளவர்கள் எத்தனை பேர்?

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்ப்யூட்டரில் இரண்டு வகை ஆள் உண்டு. அட்மினிஸ்ட்ரேட்டர் என்பவர் வீட்டுக்காரர் மாதிரி. சுவரை இடிக்கலாம், பூட்டை மாற்றலாம், யாரையும் குடிவைக்கலாம். மற்றவர்கள் வாடகைக்கு இருப்பவர்கள். உள்ளே புழங்கலாம், ஆனால் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். எங்கள் நாலு கம்ப்யூட்டரிலும் எல்லாருமே வீட்டுக்காரர்கள். லேபிள் ஒட்டுகிறவர், டெஸ்பாட்ச் சூப்பர்வைசர், நான், எப்போதோ வேலையை விட்டுப்போனவர் என மொத்தம் பதினொரு பேர்.

பாரத்தை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். பதினொன்று என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. "குறைக்க முடியுமாம்மா?" என்றார். எவ்வளவு குறைக்கலாம் என்று கேட்டேன். "எவ்ளோ குறையுதோ அவ்ளோ நல்லது" என்றார்.

எள் என்றால் எண்ணெயாக நிற்பவள் நான். ஒரு மணி நேரத்தில் நாலு கம்ப்யூட்டரிலும் உட்கார்ந்து ஒவ்வொருவர் உரிமையாக உருவினேன். லேபிள் ஒட்டுகிறவர் போனார். சூப்பர்வைசர் போனார். வேலையை விட்டுப்போனவர் இரண்டாவது முறையாகப் போனார். கடைசியில் ஒரே ஒரு பெயர் மிச்சம் இருந்தது. என் பெயர். எண்ணிக்கை: ஒன்று.

அந்த 'ஒன்று' என் கண்ணை உறுத்தியது. பாரத்தில் மற்ற கட்டங்கள் எல்லாம் பூஜ்யமாக மின்னும்போது இது ஒன்று மட்டும் குச்சி மாதிரி நின்றுகொண்டிருந்தது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இதையும் எடுத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. எடுத்துவிட்டேன். நாலிலும் எடுத்துவிட்டேன். பாரத்தில் அழகாகப் பூஜ்யம் போட்டு, அதற்கு உள்ளே ஒரு பூ வரையலாமா என்றுகூட யோசித்தேன்.

மேனேஜர் பார்த்துப் பூரித்துப்போனார். "கேட்டுல ஒண்ணு இருக்கே?" என்று மட்டும் கேட்டார். அங்கே போனால் அண்ணியின் எதிரே நிற்க வேண்டும். அது கம்ப்யூட்டரில் சேர்த்தியே இல்லை சார், வண்டி நம்பர் எழுதுகிற மெஷின் என்று சொல்லிவிட்டேன். அவரும் விட்டுவிட்டார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு டெஸ்பாட்ச் சூப்பர்வைசர் ஏழுமலை அண்ணன் என் மேஜைக்கு வந்தார். வல்லக்கோட்டைக்காரர். நெற்றியில் விபூதி, காதில் பேனா.

"லேபிள் வர மாட்டேங்குதும்மா. இன்னாமோ இங்கிலீஷ்ல திட்டுது."

போய்ப் பார்த்தேன். 'ஆக்சஸ் டினைட்' என்று ஒரு பெட்டி. உனக்கு அனுமதி இல்லை என்கிறது. கேபிள் லூஸ் என்று சொன்னேன். கழற்றி மாட்டினேன். அனுமதி இல்லை. பிரிண்டர் ரிப்பன் என்றேன். மாற்றினோம். அனுமதி இல்லை. மூன்று முறை அணைத்துப் போட்டேன். வைரஸாக இருக்கும் என்று அரைமணி நேரம் வைரஸ் தேடினேன். ஏ.சி. குளிர் அதிகம், பிரிண்டர் விறைத்துவிட்டது என்றுகூடச் சொன்னதாக ஏழுமலை அண்ணன் இன்றும் சாதிக்கிறார். (நான் மறுக்கிறேன். சொல்லியிருக்கவும் கூடும்.)

"நேத்து வரைக்கும் நல்லாதானே ஓடிக்கினு இருந்துச்சு? நேத்து இன்னா பண்ணே?" என்று கேட்டார் அவர்.

"ஒண்ணும் பண்ணலண்ணே" என்றேன். அதைச் சொல்லி முடிக்கும்போதுதான் நேற்றுப் பண்ணியது எனக்கு ஞாபகம் வந்தது.

அந்த லேபிள் சாப்ட்வேர் பழைய காலத்து ஆசாமி. ஒவ்வொரு லேபிளையும் அச்சடித்ததும் அதன் வரிசை எண்ணைத் தன் பெட்டிக்குள் எழுதி வைத்தால்தான் அடுத்ததுக்கு நகரும். அந்தப் பெட்டியில் எழுத அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை வேண்டும். இத்தனை நாள் எல்லாருமே அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்ததால் அது யாருக்கும் தெரியவில்லை.

சரி, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் போயிற்று என்று மவுஸின் வலது பட்டனை அழுத்தி, 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு ஜன்னல் திறந்தது. தொடர வேண்டுமானால் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு கொடு என்றது. கொடுக்கலாம் என்று பார்த்தால் எழுத இடமே இல்லை. கீழே 'யெஸ்' பட்டன் வெளுத்துப்போய் உயிரில்லாமல் கிடந்தது. 'நோ' மட்டும் பளிச்சென்று இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவான பதிலை எந்த மெஷினும் அதற்கு முன் சொன்னதில்லை.

எனக்கு நானே உரிமையைத் திரும்பக் கொடுத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பக்கம் போனேன். அதற்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி வேண்டுமாம். அதே ஜன்னல். அதே 'நோ'. மற்ற மூன்று கம்ப்யூட்டருக்கும் ஓடினேன். நேற்று நான் சிரத்தையாகச் செய்த வேலை, ஒன்றிலும் குறை வைக்கவில்லை. ஆப்பைப் பிடுங்கிவிட்டு வாலை மாட்டிக்கொண்ட குரங்குக்காவது ஒரு வால்தான். எனக்கு நாலு.

லேபிள் சாப்ட்வேர் விற்றவர்களுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் மிகப் பொறுமையாக, உங்கள் அட்மினிஸ்ட்ரேட்டரைக் கேளுங்கள் மேடம் என்றாள். நான்தான் அட்மினிஸ்ட்ரேட்டர் என்றேன். அப்படியானால் உள்ளே போங்கள் என்றாள். அட்மினிஸ்ட்ரேட்டர் யாரும் இல்லை என்றேன். அவள் அதை ஒரு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, யார் மேடம் எடுத்தது என்று கேட்டாள். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மணி பத்தரை. நாற்பத்தெட்டு பெட்டி கிளிப் லேபிள் இல்லாமல் அடுக்கி நின்றது. லேபிள் இல்லாத பெட்டியை ஒரகடத்தில் இறக்கவே மாட்டார்கள். பன்னிரண்டுக்குள் லாரி கிளம்பினால்தான் அங்கே லைன் நிற்காது. ஆடிட்டர் வேறு வந்து மேனேஜர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். என் ஆர்டரும் அதே அறையில், அதே மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. பாத்ரூமுக்குப் போய் இரண்டு நிமிஷம் அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்து, மேனேஜரை மட்டும் அறை வாசலுக்குக் கூப்பிட்டு, டீயும் கையுமாக வந்தவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கையில் இருந்த பிஸ்கட்டை டீயில் முக்கியவர் எடுக்க மறந்துவிட்டார். அது கரைந்து உள்ளே போய்விட்டது. அதைப் பார்த்ததும் எனக்கு மறுபடி அழுகை வந்தது.

அப்போது வாசலில் நின்ற ஏழுமலை அண்ணன்தான் கேட்டார். "கேட்டுல ஒரு கம்ப்யூட்டர் கீதே சார். அத்த நேத்து இந்தப் பொண்ணு தொடலியே. அதுல ஓடாதா?"

அதற்கு மேல் என்ன நடந்தது என்றால், வெயிலில் நான் லேபிள் பிரிண்டரைப் பச்சைப்பிள்ளை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டை நோக்கி ஓடினேன். பின்னால் ஏழுமலை அண்ணன். அவருக்குப் பின்னால் டிராலியில் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு லைன் பெண்கள் பத்துப் பேர். அவர்களுக்குப் பின்னால் மேனேஜர். என்ன ஊர்வலம் என்று பார்க்க ஆடிட்டர்.

செக்யூரிட்டி அறை வாசலில் அண்ணி நின்றார். தொப்பி நேராக இருந்தது.

"ஐடி கார்டு எங்க மேடம்?"

கழுத்தைத் தடவினேன். இல்லை. அழுதபோது பாத்ரூமில் கழற்றி வைத்திருக்கிறேன்.

"ஐடி கார்டு இல்லாம செக்யூரிட்டி ரூமுக்குள்ள வுடக் கூடாது. அப்புறம் அந்த பிரிண்டரு. மெட்டீரியல் எடுத்துக்கினு வர்றீங்க, கேட் பாஸ் எங்க?"

கேட் பாஸில் மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும். மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால்தான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அண்ணி பாஸ் புத்தகத்தை எடுத்து, கார்பன் வைத்து, நிதானமாக எழுதி அவரிடம் நீட்டினார். அவர் கையெழுத்துப் போட்டார். ஐடி கார்டை ஒரு பெண் பாத்ரூமுக்கு ஓடிப் போய் எடுத்துவந்தாள். ஆடிட்டர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

உள்ளே போய் பிரிண்டரை மாட்டினேன். அந்தப் பழைய கம்ப்யூட்டரைப் பார்த்தேன். எப்போதோ அதை வைத்துவிட்டுப் போன ஆள், 'கேட்' என்று ஒரு பயனர் பெயரை உண்டாக்கி, அதற்கு முழு உரிமையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அதில் காலையிலிருந்து ராத்திரி வரை உட்காருபவர் அண்ணி ஒருவர்தான். அதாவது, அந்தக் கம்பெனியிலேயே அன்றைக்கு உயிரோடு இருந்த ஒரே அட்மினிஸ்ட்ரேட்டர், நான் யாரென்றே தெரியாது என்று மூன்று மாதமாக நடித்துக்கொண்டிருந்த என் அண்ணி.

இனி லேபிள் சாப்ட்வேரை இதில் போட வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று ஏழுமலை அண்ணன் கேட்டார். நான் டிராயரைப் பார்த்தேன். அண்ணியும் டிராயரைப் பார்த்தார். பூட்டைத் திறந்து, தாளில் சுற்றிய என் பென் டிரைவை எடுத்து மேஜையில் வைத்து, ரிஜிஸ்டரைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். மூன்று மாதம் ஒளிந்து திரிந்ததற்கு, அத்தனை பேர் பார்க்கக் கையெழுத்துப் போட்டேன்.

பென் டிரைவைச் செருகினேன். திரையில் ஜன்னல் வந்தது. அனுமதிக்கலாமா என்று கேட்டது. 'யெஸ்' இருந்தது. காலையிலிருந்து நான் தேடிய 'யெஸ்', உயிரோடு. நான் மவுஸை நோக்கிக் கையை நீட்டினேன். அண்ணியின் கை எனக்கு முன்னால் மவுஸின் மேல் இருந்தது.

"இது செக்யூரிட்டி கம்ப்யூட்டரு மேடம். வெளியாளு தொடக் கூடாது. இன்னா கேக்குது இது?"

"பர்மிஷன் கேக்குது. 'யெஸ்' அழுத்தணும்."

"யாருக்கு பர்மிஷன்?"

"எனக்கு."

"நீங்க யாரு?"

பதினொன்றே கால். லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். பத்துப் பெண்கள், சூப்பர்வைசர், மேனேஜர், ஆடிட்டர் எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்கும்போது அவருக்குக் காது மடல் அசையும். அசைந்தது. ஆனால் கண் சிரிக்கவில்லை என்பதையும் நான் பார்த்தேன். முதல் நாள் காலையில், மூடியை அழுத்தி மூடியபோது அந்தக் கண்ணை நான் பார்த்திருக்க வேண்டும். அன்று பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது, கம்ப்யூட்டருக்காக இல்லை.

"அண்ணி" என்றேன். லாரி ஹாரனில் அது எடுபடவில்லை. அதனால் இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன். "எங்க அண்ணன் பொண்டாட்டி சார் இவங்க. என் சொந்த அண்ணி. இந்த வேலைக்கு என்னை வரச் சொன்னதே இவங்கதான். அழுத்துங்க அண்ணி."

கூட்டம் வாயைப் பிளக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒருத்தர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. ஏழுமலை அண்ணன் காதுப் பேனாவை எடுத்துச் சொறிந்துகொண்டே சொன்னார்:

"இத்த சொல்றதுக்காம்மா இத்தினி நேரம்? மூணு மாசமா ரெண்டு பேரு டப்பாலயும் டெய்லி ஒரே கொழம்பு. எங்களுக்குத் தெரியாதா?"

லைன் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். பூசணிக்காயை நான் மறைத்தது சோற்றில்தான். அது தெரிந்ததும் சோற்றில்தான். அண்ணி 'யெஸ்'ஸை அழுத்தினார்.

அதற்குப் பிறகு நடந்தது வேலை. நான் சாப்ட்வேரை ஓடவிட்டு, முந்தின நாள் கடைசி எண்ணிலிருந்து தொடங்கினேன். ஏழுமலை அண்ணன் பார்ட் நம்பரைச் சத்தமாகப் படித்தார். நாலு வருஷமாக லாரி எண் அடித்த விரல் ஆயிற்றே, அண்ணி ஒற்றை விரலாலேயே என்னைவிட வேகமாக அடித்தார். லேபிள் வர வர, பெண்கள் கேட் ஓரமாகவே நின்று பெட்டிகளில் ஒட்டி லாரியில் ஏற்றினார்கள். பன்னிரண்டு மணிக்குள் லாரி போய்விட்டது. போகும் லாரியின் எண்ணை அதே கம்ப்யூட்டரில் பதியாமல் அண்ணி கேட்டைத் திறக்கவில்லை. லைன் நிற்கவில்லை என்று ஒரு மணிக்குப் போன் வந்தது. மேனேஜர் அதற்குப் பிறகுதான் தொப்பென்று உட்கார்ந்தார்.

ஆடிட்டர் என் பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "இதுல பூஜ்யம்னு போட்டிருக்கீங்க. அப்ப இந்த மெஷினுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் யாரு?"

"எங்க அண்ணி, சார்."

பூஜ்யத்தை அடித்து ஒன்று என்று திருத்தினார். ஓரத்தில் ஏதோ எழுதினார். பிறகு ரிப்போர்ட் வந்தபோது படித்தோம். செக்யூரிட்டி ஏற்பாடு மிகச் சிறப்பு, சிஸ்டம் ஏற்பாடு திருப்தி இல்லை என்று இருந்தது. அண்ணிக்கு ஸ்வீட் பாக்ஸ். எனக்கு இன்னொரு மூன்று மாதம் பரீட்சை. மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்து, நாலு கம்ப்யூட்டரையும் மதிய சாப்பாட்டுக்கு முன்னால் சரிசெய்துவிட்டு, போகிற வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்று முதல் ஒரு புது ஏற்பாடு. எல்லாக் கம்ப்யூட்டரின் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டும் ஒரு கவரில், அரக்கு வைத்து, அண்ணியின் டிராயரில். இப்போது கம்பெனியில் நாலு போய் நூற்றுப்பத்து கம்ப்யூட்டர்கள் ஆகிவிட்டன. நான் அதற்கெல்லாம் தலைமை. எனக்குக் கீழே ஆறு பேர். கவர் இன்னும் அதே டிராயரில்தான் இருக்கிறது. அண்ணியின் தோளில் மட்டும் ஒரு பட்டை கூடியிருக்கிறது.

வீட்டில் அந்தக் கதைக்கு ஓய்வே கிடையாது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்டபோது, காபித் தட்டோடு நின்ற அண்ணி, "அதுகிட்ட 'நோ' மட்டுந்தான் கீது. 'யெஸ்' நான்தான் அழுத்தணும்" என்றார். மாப்பிள்ளை வீட்டாருக்கு முழுக் கதையும் சொல்லாமல் எழுந்திருக்க முடியவில்லை. (கேட்டுவிட்டும் அவர் என்னைக் கட்டிக்கொண்டார். துணிச்சல்காரர்.) என் மகள் சுற்றுலா, சினிமா எதற்கு நான் முடியாது என்றாலும் மறுபேச்சுப் பேசுவதில்லை. நேராக அவள் அத்தைக்கு, அதாவது என் அண்ணிக்கு, போன் போடுகிறாள்.

போன திங்கட்கிழமை அவசரத்தில் ஐடி கார்டை வீட்டிலேயே விட்டுவிட்டேன். கேட்டில் அண்ணி நின்றார். பின்னால் என் டீமில் இரண்டு பேர். எனக்கு இப்போது வெட்கம் எல்லாம் இல்லை. "அண்ணி, மறந்துட்டேன் அண்ணி, டைம் ஆச்சு, வுடுங்க அண்ணி" என்று ஒரே மூச்சில் அஞ்சாறு அண்ணி போட்டேன்.

அவர் காது மடல் அசைந்தது. விசிட்டர் ரிஜிஸ்டரைத் திறந்து, பேனாவை அதன் மேல் வைத்து, என் பக்கம் நகர்த்தினார்.

"கேட்டுல சொந்தபந்தம் வேணாம்னு சொன்னது நீங்கதானே மேடம்?"